துளை பொருந்தினால் டிரம் பொருந்திவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களான அமெரிக்க ஹாட் ராட்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேகப் போட்டி ஓட்டிய இளைஞர்களைப் பற்றிய பகுதி சிறப்பாக அமைந்திருந்தது. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், பியூக் காரின் அலுமினிய பிரேக் டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்; பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து அழுத்தி அதை நிறுத்தும்) ஃபோர்டு ஹப்புக்கு (சக்கரம் மாட்டப்படும் நடுக்குடம்) ஏற்ப ஐந்து துளைகளைப் புதிதாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி வந்திருக்கிறது. இங்கே இத்தகைய வேலைகளைச் செய்து தரும் கடைசல் பட்டறை ஒன்றில் நெடுநாளாக லேத் ஓட்டி வருபவன் என்பதால், அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில், இந்த மாற்றத்தை ஏன் செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1938 வரை ஃபோர்டு கார்களில் கம்பியிழுப்பு பிரேக்தான் இருந்தது. கிரைஸ்லர் 1924-லேயே நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்துவிட்ட போதிலும், ஹென்றி ஃபோர்டு 1939 மாடலில்தான் அதற்கு இறங்கி வந்தார். எனவே பழைய ஃபோர்டில் வலுவான எஞ்சினை ஏற்றியவர்கள், பிந்தைய மாடல்களின் ஹைட்ராலிக் பிரேக்கை எடுத்து முன் அச்சில் மாட்டினார்கள். அதுவும் போதாது என்றவர்கள் பியூக் டிரம்மைத் தேடிப் போனார்கள். 1950களின் பின்பாதியில் வந்த அந்த டிரம்மில், உராயும் பரப்பு வார்ப்பிரும்பு வளையம். அதைச் சுற்றி வார்த்த அலுமினிய உடலில் 45 துடுப்புகள் நிற்கும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், மலை இறக்கத்தில் பெடலை அடிக்கடி மிதித்தாலும் பிரேக் சூடேறிச் சட்டென்று பிடிப்பை இழப்பதில்லை. பார்க்கவும் அழகு என்பதை மறைப்பதற்கில்லை.

இனித் துளைக் கணக்குக்கு வருகிறேன். பியூக்கின் ஐந்து துளைகளும் 5 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை; 1940 முதல் 1948 வரையிலான ஃபோர்டு ஹப்பில் அந்த வட்டம் ஐந்தரை அங்குலம். மையத்திலிருந்து அளந்தால் வேறுபாடு கால் அங்குலம் மட்டுமே. ஆகவே பழைய துளையின் நேர்கோட்டிலேயே புதிய துளையைப் போட்டால், அரை அங்குல ஸ்டடுக்கான (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் திருகாணி) இரண்டு துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எட்டு வடிவில் திறந்துகொள்ளும். நட்டு இறுக்கிப் பிடிக்க அங்கே உலோகமே இருக்காது. டிரம்மை 36 டிகிரி திருப்பி, பழைய துளைகளுக்கு நடுவே புதியவற்றைப் போட வேண்டும். இதைக் கைத்துளைப்பானால் கண் மதிப்பில் செய்வது கூடாது. வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்க உதவும் பிரிவுத் தட்டில் வைத்துச் செய்ய வேண்டும்.

ஆனால் கட்டுரையாளர் தொடவே தொடாத மையப்படுத்தல்தான் இந்த வேலையின் உயிர்நாடி. சக்கரத்தின் நட்டுகளுக்குக் கூம்பு முனை உண்டு. இறுக்கும்போது அது சக்கரத்தை நடுவில் இழுத்து உட்கார வைத்துவிடும். டிரம்முக்கு அந்த வசதி கிடையாது. ஸ்டடுகள் நுழைய இடைவெளி விட்டே அதன் துளைகள் போடப்படுவதால், அதை மையத்தில் நிறுத்துவது ஹப்பின் கழுத்தும் அதன்மேல் இறுக்கமாக அமரும் நடுத்துளையும்தான். பியூக் டிரம்மின் நடுத்துளை ஃபோர்டு ஹப்புக்காகக் கடைந்தது அல்ல. ஆகவே டிரம்மை லேத்தில் பிடித்து, வெளி விளிம்பை நம்பாமல் உள்ளே ஷூ உராயும் பரப்பில் டயல் கேஜை (நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகோல்) வைத்து, சுற்றும்போது வரும் ஆட்டத்தைப் பார்த்து, அந்தப் பரப்பு சுற்றும் மையத்துக்கே நடுத்துளையைக் கடைந்தெடுக்க வேண்டும். துளை ஏற்கெனவே பெரிதாக இருந்தால் எஃகு வளையம் ஒன்றைக் கடைந்து ஹப்பின் கழுத்தில் இறுக்கி ஏற்ற வேண்டும். சிலர் செய்வதுபோல அதை டிரம்முக்குள் அடித்து ஏற்றக் கூடாது, ஏனென்றால் சூடேறும்போது அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவதால் வளையம் தளர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் வேலை முடியவில்லை. டிரம்மை ஹப்போடு சேர்த்து, சக்கரம் இருக்கும் இடத்தில் தடித்த வளையம் ஒன்றை வைத்து நட்டுகளை முறையான அளவுக்கு முறுக்கி, ஹப்புக்குள் பேரிங் அமரும் கிண்ணங்களையே ஆதாரமாகக் கொண்டு லேத்தில் ஏற்றி, உராயும் பரப்பை மெலிதாக ஒரு முறை கடைந்துவிட வேண்டும். நட்டு இறுகும்போது டிரம் சற்று நெளியும் என்பதால்தான் அந்த வளையம். அப்போது டயல் கேஜின் முள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் அசைந்தால் எங்கள் பட்டறையில் அதை வெளியே விடமாட்டோம். மையம் பத்துப் பங்கு விலகினால் முள் இருபது பங்கு ஆடும். அந்த ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் ஷூவைத் தள்ளித் தள்ளி ஓட்டுநரின் பாதத்தில் துடிப்பாக வந்து சேரும்.

ஹப்பின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஹப்புகள் பலவற்றில் ஸ்டடின் தோளை அடித்து விரித்து, ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாகப் பிணைத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் ஸ்டடைச் சுத்தியலால் அடித்தோ அழுத்து இயந்திரத்தில் வைத்தோ தள்ளிவிடுகிறார்கள். விரிந்த தோள் துளையைக் கிழித்துக்கொண்டு வெளியேற, புதிய ஸ்டடு அதில் பிடிப்பின்றிச் சுழல்கிறது. அந்தத் தோளை வட்ட வெட்டியால் முதலில் வெட்டிவிட்டு, அதன் பிறகே தள்ள வேண்டும்.

ஆழமும் பார்க்கப்பட வேண்டும். பியூக் டிரம் இரண்டேகால் அங்குல அகல ஷூவுக்காகச் செய்யப்பட்டது. ஃபோர்டின் ஷூ அதைவிடக் குறுகலானது. ஷூக்களைத் தாங்கி நிற்கும் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் டிரம்மின் உதடு உரசாமலும், ஷூ உராயும் பரப்புக்கு உள்ளேயே அமரும்படியும் இடைத்தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். அத்துடன் ஷூவின் வளைவும் டிரம்மின் உண்மையான விட்டத்துக்குத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் நடுப்பகுதி மட்டுமே தொடும். பலர் டிரம்மோடு சேர்த்து பெண்டிக்ஸ் வகை ஷூவையும் மாற்றிவிடுகிறார்கள். அதில் முன்ஷூ பின்ஷூவைத் தள்ளி, சக்கரத்தின் சுழற்சியையே உதவிக்கு எடுத்துக்கொள்ளும். குட்டையான லைனிங் கொண்ட ஷூ காரின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதை மறந்து மாற்றிப் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு.

அறுபது ஆண்டுகளைக் கடந்த டிரம்மை வாங்குமுன், உள்விட்டத்தை அளக்க வேண்டும். முதல் அளவான 12 அங்குலத்தைவிட ஆயிரத்தில் அறுபது பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால், துடுப்புகள் எவ்வளவு பளபளத்தாலும் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். வார்ப்பிரும்பு வளையம் அலுமினியத்திலிருந்து விட்டிருக்கிறதா, வெப்பத்தால் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கின்றனவா என்பதைச் சாயம் ஊற்றிப் பார்ப்பதே உத்தமம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால், உள்ளே படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிவிட வேண்டும்.

தங்கள் வாசகர்களில் பழைய கார்களைத் தாங்களே புதுப்பிக்கும் ஆர்வலர்களும் இருப்பார்கள் என்பதால், அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்போது படக்குறிப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். பியூக் டிரம் என்று தாங்கள் குறிப்பிட்டிருக்கும் படத்தில், சக்கரக் கம்பிகளுக்குப் பின்னால் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. அது டிஸ்க் பிரேக். துடுப்பு வைத்த அலுமினிய உறையை அதன்மேல் மாட்டி, டிரம்போலக் காட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லாங் பீச், கலிபோர்னியா