காத்திருப்பும் கீழ்ப்படிதலும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏற முடிகிறது என்று நீங்கள் எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். இளையவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நானும் ஓய்வுபெற்றவனுக்குரிய சோம்பலைப் பழகிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியைத்தான் பலமுறை படித்தேன். மரணப் படுக்கையில் இருப்பவர்களுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதே இனி உங்கள் பணி என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்வதாகவும், அது இறைவனின் அழைப்பா, வேலையற்ற மனத்தின் கற்பனையா என்று தெரியாமல் இன்னும் ஓர் அடையாளத்துக்காகக் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, ஆறுதலாக நாலு வார்த்தை பேச வராது என்றும் ஒரு வரி. அதைப் படித்ததும், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தம் மக்களை மீட்டு வரும்படி இறைவன் அழைத்த, விவிலியத்தின் மோசேதான் நினைவுக்கு வந்தார்.

எரிந்தும் கருகாத முட்செடியிலிருந்து இறைவன் பேச, அதன் முன் நின்றவருக்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? ஆனாலும், நான் எம்மாத்திரம், உம் பெயரைக் கேட்டால் என்ன சொல்வேன், என்னை நம்பமாட்டார்களே, எனக்கு வாய் திக்குமே என்று சாக்குகளை அடுக்குகிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான், வேறு யாரையாவது அனுப்பும் என்ற உண்மையான பேச்சு வெளியே வருகிறது. அதன் பிறகும் அவருடைய நாக்கு சரியானதாக அந்தக் கதையில் இல்லை. அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் துணைக்கு வருகிறார். ஆகவே பேச வராததை நீங்கள் ஒரு தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. நோயாளியின் கட்டிலருகே நம்மில் பலர் அளவுக்கு மீறிப் பேசிவிடுகிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

குரல் யாருடையது என்ற கேள்விக்கு, இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன். 1521இல் ஸ்பெயினின் பாம்ப்ளோனா நகரில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தபோது, போர்வீரனாகப் புகழ் பெறுவதைப் பற்றிய கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்தாலும் பிறகு மனத்தை வறட்சியில் விட்டுவிடுவதையும், புனிதர்களைப்போல் வாழ்வதைப் பற்றிய எண்ணங்கள் கலைந்த பிறகும் அவற்றின் மகிழ்ச்சி தங்கிவிடுவதையும் அவர் கவனித்தார். நீங்களும் எண்ணத்தை விட்டுவிட்டு, அது போன பிறகு மனம் எப்படி இருக்கிறது என்று சில வாரங்கள் பாருங்கள். மனம் சோர்ந்திருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் எழுதியே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. அன்னை தெரசாவுக்கு டார்ஜிலிங் செல்லும் ரயிலில் அழைப்பு வந்தது 1946 செப்டம்பர் 10 அன்று. அவர் மடத்தை விட்டு வெளியே வந்ததோ 1948 ஆகஸ்டில். இடைப்பட்ட காலம் முழுவதும் மேலிடத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தார். நீங்கள் செய்ய விரும்பும் அதே பணிக்காக, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இல்லத்தை 1952இல் கொல்கத்தாவில் திறந்தார். ஆனால் அழைத்த குரலின் இனிமை அவரிடம் நிலைக்கவில்லை. பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் வெறுமையோடுதான் உழைத்தார் என்பதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. வழிகாட்டுதல் என்றால் இடைவிடாத நிம்மதி என்று நாம் எதிர்பார்ப்பது சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இறைவன் முன் நாம், தானே முயன்று தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, எல்லாவற்றையும் தாயிடம் விட்டுவிட அவள் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வைணவர்கள் வழக்காடியதைப் பற்றி நாமும் விடிய விடியப் பேசியிருக்கிறோமே! நீங்கள் அப்போதே பூனைக் கட்சி. அப்படியானால், கவ்விக்கொண்டு போகிறவள் வழியில் எங்கெங்கே இறக்கி வைப்பாள் என்று முன்கூட்டியே கேட்பது நியாயமில்லை.

முதலில் வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் போய் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் அண்ணியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்