பெட்டியை வைத்துவிட்டுப் போன உங்களுக்கு

பெயர் தெரியாத உங்களுக்கு, வணக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், எங்கள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள். உள்ளே ஒரு பழைய துண்டும், கவிழ்ந்து கிடந்த சிறு கிண்ணமும், பாலில் நனைந்த உடம்போடு ஒரு சாம்பல்நிறப் பூனைக்குட்டியும் இருந்தன. மூடியின் உட்புறத்தில், "இதற்கு நடக்க வராது. என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்கு இதுவரை உங்களுக்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கிண்ணம் கவிழ்ந்ததற்கு நீங்கள் காரணமில்லை. குடிக்கக் குனியும்போதெல்லாம் குட்டியின் தலை மேலும் கீழுமாக ஆடி, மூக்கு பாலுக்குள் முங்கி, கடைசியில் கிண்ணமே சாய்ந்துவிடும் என்பதை அன்றே கண்ணால் பார்த்தோம். அதன் காதுகளும் பாதங்களும் சில்லிட்டிருந்தன. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே உணவு கொடுத்தால் செரிக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எப்போதோ கேட்டது நினைவிருந்ததால், முதலில் துவட்டி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடம்பு மெல்லச் சூடேறும்வரை காத்திருந்தோம். பிறகுதான் குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரைக் கரைத்து, அதைக் குப்புறப் படுக்கவைத்தபடியே, சிறு சிரிஞ்சால் கடைவாயில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துக் கொடுத்திருந்தால் பால் நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும். நீங்கள் வைத்தது பசும்பால் என்று நினைக்கிறேன். பெரும்பாலான குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். குறையாகச் சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்தீர்கள்.

நாங்கள் முதலில் பார்த்த கால்நடை மருத்துவர், மேசைமேல் அது நான்கு கால்களையும் அகலப் பரப்பிக்கொண்டு தள்ளாடி விழுவதைப் பார்த்ததுமே, கருணைக்கொலைதான் நல்லது என்றார். மறுக்கும் அறிவும் அன்று எங்களிடம் இல்லை, ஒப்புக்கொள்ளும் மனமும் இல்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அவசரப்படவில்லை. காதுகளைச் சோதித்தார், தலையில் அடிபட்ட தடயம் உண்டா என்று தடவிப் பார்த்தார், நஞ்சு எதையாவது நக்கியிருக்குமா என்று கேட்டார், கடைசியில் அதைத் தூங்கவிட்டு அருகிலேயே நின்று கவனித்தார். தூக்கத்தில் நடுக்கம் முழுவதுமாக நின்றிருந்தது; விழித்து உணவை நோக்கித் தலையை நீட்டியதும் மறுபடி தொடங்கியது. ஒன்றை எட்டிப் பிடிக்க முயலும்போது கூடி, ஓய்ந்திருக்கும்போது மறையும் அந்த நடுக்கத்தை வைத்து, சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

இதன் காரணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் தெருவில் இன்னும் குட்டிகள் பிறக்கக்கூடும். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பேன்லூக்கோபீனியா என்னும் நோயின் வைரஸ் தொற்றினால், அது வயிற்றிலுள்ள குட்டிகளையும் எட்டிவிடுகிறது. வேகமாகப் பெருகும் செல்களையே அந்த வைரஸ் தாக்கும். பிறப்பதற்குச் சற்று முன்னும் பிறந்த முதல் சில வாரங்களிலும் சிறுமூளை அப்படித்தான் வளர்ந்துகொண்டிருக்கும். உடலின் அசைவுகளை அளந்து ஒழுங்குபடுத்துகிற பகுதி அது. அங்கே குறை நேர்ந்தால், போக வேண்டிய இடம் பூனைக்குத் தெரியும், காலிலும் வலு இருக்கும். எத்தனை தூரம், எத்தனை வேகத்தில் காலை வைப்பது என்ற கணக்கு மட்டும் தவறும். குறை நேர்ந்தது நேர்ந்ததுதான், மருந்தில்லை. ஆனால் அது மேலும் முற்றுவதில்லை, வலி தருவதில்லை, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. இதைக் கேட்ட அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன்.

அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தோம். பூவில் உட்கார வரும் தும்பி அந்தரத்தில் நின்று துடிப்பதைப் போலத்தான் அது உணவுத் தட்டுக்கு முன் நிற்கும். வழுக்கும் தரையில் அதனால் நாலடிகூட நகர முடியாது என்பதால், அது புழங்கும் இடமெங்கும் ரப்பர் விரிப்புகள் போட்டோம். நகங்களை ஒட்ட வெட்டுவதில்லை, தரையைப் பற்றிக்கொள்ள அவை வேண்டும். மணல் தட்டுக்காக, நுழையும் பக்கத்தைத் தாழ வெட்டி மற்ற மூன்று பக்கங்களையும் உயரமாக விட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தோம். சுவரில் விலாவைச் சாய்த்துக்கொண்டால் விழாமல் நிற்கலாம் என்பதைத் தும்பி இரண்டே நாளில் தானாகக் கண்டுகொண்டது. கனமான பீங்கான் தட்டு, படிக்கட்டுக்கு ஒரு தடுப்புக் கதவு, மேசைகளின் கூர்முனைகளுக்குப் பஞ்சுறை. இவ்வளவுதான் நாங்கள் செய்தது. மற்ற பூனைகளைப் போல அந்தரத்தில் உடலைத் திருப்பிக் கால் ஊன்றி விழ அதற்கு வராது, ஆகவே உயரம் மட்டும் கூடாது. வெளியிலும் விடுவதில்லை.

முதல் சில மாதங்கள் அது விழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கினேன். அது என் பிழை. அது தானாக எழுவதற்குள் நான் எழுப்பிவிட்டதால், எழக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்துக்கொண்டிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகியபின்தான், தான் விழுந்ததற்காகத் தும்பி ஒருமுறைகூட வருந்தியதில்லை என்பது எனக்குப் புலப்பட்டது. வேறுவிதமான நடையை அது அறியவே அறியாது. விழுவதும் எழுவதும் சேர்ந்ததே அதற்கு நடை. பார்க்கும் நமக்குத்தான் நெஞ்சு பதைக்கிறது, அந்தப் பதைப்பையே அதன் வேதனை என்று எண்ணிவிடுகிறோம். நீங்களும் அப்படி எண்ணித்தான் தவித்திருப்பீர்கள்.

தும்பிக்கு இப்போது மூன்று வயது, எடை 2.9 கிலோ. தடுப்பூசிகள் போட்டாயிற்று, கருத்தடையும் செய்தாயிற்று. சோபாவின் துணியில் நகம் பதித்துத் தானே ஏறுகிறது. இறங்குவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாய்ப்பூனை இன்னும் உங்கள் பக்கம் வந்துபோகிறது என்றால், அதற்குக் கருத்தடை செய்ய வழிபாருங்கள். அது மறுபடி சினையாக இருப்பதாகத் தோன்றினால், தடுப்பூசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசியும் வயிற்றுக் குட்டிகளுக்கு இதே கேட்டைச் செய்யக்கூடும். மற்ற குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது 16 வாரம்வரை தடுப்பூசி போட வேண்டும். இந்த வைரஸ் ஓரிடத்தில் ஓராண்டுவரைகூட உயிர்ப்புடன் இருக்கும், சாதாரண சோப்புக்கு அழியாது. ஒரு பங்கு பிளீச்சை 32 பங்கு நீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போகும்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். மழையில் நனையாதபடி பெட்டியைத் திண்ணையின் உள்விளிம்புவரை தள்ளி வைத்திருந்ததை அன்றே கவனித்தேன். என் மனத்தில் உங்கள்மேல் குறையொன்றும் இல்லை. தும்பியைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வீடு உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
அந்த வாசலின் வீட்டிலிருந்து