விளையாடட்டும், எண்ணைச் சொல்லி விளையாடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பாட நேரத்தில் புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பேரனுக்கு இரண்டாம் வாய்ப்பாடுகூடத் தெரியவில்லை என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிற டீச்சர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பெரியவரின் சந்தேகம் நியாயமானது. வெறுமனே விளையாடினால் கணக்கு வந்துவிடாது. டெல்லியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து 214 பாலர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுக் குழுவில் பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டுஃப்ளோவும் இருந்தார், முடிவு 2017-இல் வெளியானது. கணக்கு விளையாட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு எது கூட, எது குறைச்சல் என்று பார்த்ததும் சொல்கிற திறமை நன்றாக வளர்ந்திருந்தது, ஒரு வருடம் கழித்தும் அது போகவில்லை. ஆனால் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து எண்ணை எழுதிக் கூட்டல் கழித்தல் போடும் இடத்தில், விளையாடாத பிள்ளைகளை இவர்கள் முந்தவில்லை. கையில் இருக்கும் ஐந்து கொட்டைக்கும், வாயால் சொல்லும் 'ஐந்து'க்கும், பலகையில் இருக்கும் 5-க்கும் முடிச்சுப் போடுகிற வேலை தானாக நடக்காது, அதை யாராவது உட்கார்ந்து போட்டுவிட வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்பதற்கு அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமானி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 2008-இல் வந்தது. 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஓர் அட்டை, சுழற்றிவிட ஒரு முள், அவ்வளவுதான் சாமான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போல விளையாடியதிலேயே எண் அடையாளம் தெரிவதும் எது பெரியது என்று சொல்வதும் நன்றாக முன்னேறின. எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டங்களில் அதே ஆட்டத்தை ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்து வந்த ஆய்வில், கட்டங்களை வட்டமாக அடுக்கினால் நேர்கோட்டில் கிடைத்த அளவுக்குப் பலன் இல்லை என்றும் பார்த்தார்கள்.

இதற்குப் பணம் காசு வேண்டாம். நான் வராந்தாவில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு 1 முதல் 20 வரை எழுதிவிடுவேன், பிள்ளையே காயாகி நின்று நகரும். நான் விடாப்பிடியாக இருப்பது ஒரே விஷயத்தில்தான். ஐந்தில் நிற்கிற பிள்ளைக்கு மூன்று விழுந்தால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நகரக் கூடாது, "ஆறு, ஏழு, எட்டு" என்று நிற்கிற இடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் முதல் மாதிரி எண்ணுகிற பிள்ளை 5+3 போடச் சொன்னால் ஐந்து விரலையும் மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டாவது மாதிரி பழகிய பிள்ளை ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போய்விடும். பரமபத அட்டையை நான் பிறகுதான் எடுப்பேன், ஒரு வரி இடமிருந்து போய் அடுத்த வரி வலமிருந்து திரும்பி வருவதில் ஆறு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் நகர்வது என்றே குழம்பிவிடுகிறது.

அப்புறம் பல்லாங்குழி. பதினான்கு குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணுவதற்கு நல்ல பயிற்சி. கொஞ்ச நாளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கொட்டையை எடுக்கும் முன்பே, கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று கண்ணாலேயே பார்த்துவிடும். (அதில் என்னையே தோற்கடிக்கிறவர்கள் உண்டு.) ஆட்டம் முடிந்ததும் யாரிடம் எத்தனை என்று பத்துப் பத்தாகக் கட்டி, சிலேட்டில் எண்ணாக எழுதிய பிறகுதான் அடுத்த ஆட்டம். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் பெரியவர் சொன்னது சரியாகிவிடும்.

நடைமுறையில் விட்டுப்போவதும் அதுதான். நம் அரசுப் பள்ளிகளில், பிள்ளைகளே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தபோதும் அட்டைகள் வந்தன, 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பயிற்சி நூலும் கொடுத்தார்கள், திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரே டீச்சர் மூன்று நிலைக்கும் மூன்று விளையாட்டு நடத்த வேண்டும், நடுவில் அலைபேசியில் பதிவேற்றும் வேலை, போட்டோ எடுத்துக் குழுவில் போடும் வேலை வேறு. போட்டோவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சிரிப்பது தெரியும், எட்டு என்று சொல்லி நகர்ந்ததா மூன்று என்று சொல்லி நகர்ந்ததா என்பது தெரியாது. பார்வையிட வரும் அலுவலர்கள் போட்டோவைக் கேட்காமல் ஒரு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தால் போதும், பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை ஐயா, அது வரும். இரண்டிரண்டாகத் தாவத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பாடு சீக்கிரமே மனதில் நிற்கும். அதுவரை உங்கள் வீட்டில் பழைய தாயக்கட்டை இருந்தால் எடுத்துப் பேரனோடு உட்காருங்கள். உருட்டியதை அவனே கூட்டிச் சொல்லட்டும், கட்டத்தை அவனே எண்ணி நகர்த்தட்டும், விழுந்ததை ஒரு நோட்டில் எண்ணால் எழுதச் சொல்லுங்கள். தோற்றவர்தான் எழுத வேண்டும் என்று மட்டும் வைக்காதீர்கள், சண்டை வரும். மாற்றி மாற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்