மல்லிகாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் கொஞ்சம் அதிகம். சரோஜா அக்கா மறுபடியும் வீடு மாறிவிட்டாள். ஏன் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். உன் மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் தைலம்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சண்டை நடக்கிற ஊரில் தங்கை மாட்டிக்கொண்டிருக்க, நீ ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால் உனக்கு ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். சரித்திர வகுப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கியவள் நீ. இந்தத் தடவை விழித்திருந்து கேள்.

இங்கே லாம்ப்ஸ் ராக் பக்கம் 'லேடி கானிங்ஸ் சீட்' என்று ஓர் இடம் உண்டு. பெயருக்குரியவள் சார்லட் கானிங், 1857-இல் கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் மனைவி. அதற்கு முன்னால் பல வருஷம் விக்டோரியா ராணியின் அரண்மனையில் ராணிக்குத் துணையாக இருந்தவள். கிரிமியப் போருக்கு நைட்டிங்கேல் நர்ஸுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது உதவிய சீமாட்டிகளில் இவளும் ஒருத்தி. ஒரே தங்கை லூயிசா. அவளும் பிரபு வீட்டு மருமகள், நன்றாகப் படம் வரைவாள். 1855-இல் அக்கா கப்பலேறியதோடு சரி, அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. அப்போது இங்கிலாந்துக்குத் தந்தி கிடையாது. சூயஸ் வழியாகத் தபால் போய்ச் சேர ஐந்தாறு வாரம் ஆகும். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று கடிதத்தில் படிக்கும்போது அது ஒரு மாதத்துக்கு முந்தைய உண்மை. அப்படியும் தபால் தவறாமல் எழுதினாள் சார்லட்: அம்மாவுக்கு, தங்கைக்கு, ராணிக்கு.

எனக்குப் பெரிதாகப் படுவது ராணிக்கு எழுதியதுதான். கான்பூரில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது நிஜம். அதற்கு மேல், பெண்களை மானபங்கப்படுத்தினார்கள் என்று விதவிதமான கதைகள் லண்டன் பத்திரிகைகளில் வந்து, நாடே பழிவாங்கு என்று கத்தியது. இதெல்லாம் உண்மையா என்று ராணி கேட்க, நம்பும்படியான சான்று ஒன்றுமே கிடைக்கவில்லை என்று இவள் பதில் எழுதினாள். எந்த நேரத்தில் என்று பார். கண்மூடித்தனமாகத் தூக்கிலிடக் கூடாது என்று சொன்னதற்காக அவள் கணவனை 'கருணைக் கானிங்' என்று நையாண்டி செய்தார்கள். கல்கத்தா வெள்ளைக்காரர்கள் அவரைத் திருப்பி அழைக்கச் சொல்லி மனுவே போட்டார்கள். வதந்தியோடு ஒத்து ஊதியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவளைத் தெய்வமாக்கவில்லை நான். அவள் கணவனின் ஆட்சியில்தான் காசியிலும் அலகாபாத்திலும் நீல் என்ற வெள்ளைக்காரப் படைத்தளபதி கண்டபடி தூக்கில் போட்டான். நம் மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, 1927-இல் சத்தியாகிரகம் நடத்த வைத்தானே, அதே நீல். அங்கே செத்தவர்களின் அக்கா தங்கைகளுக்கு எந்தத் தபால் போனது? அதை நினைத்தால் ஆறவில்லை.

1859-இல் லூயிசாவின் கணவர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். தங்கையைக் கட்டிக்கொண்டு அழ அக்காவால் போக முடியவில்லை. எழுதத்தான் முடிந்தது. 1861-இல், ஊர் திரும்பச் சில மாதங்களே இருந்தபோது, டார்ஜிலிங் போய் வந்த வழியில் காய்ச்சல் பிடித்து சார்லட்டும் போய்விட்டாள். நாற்பத்து நான்கு வயது. பராக்பூரில் புதைத்தார்கள்.

மல்லிகா, உனக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன். குடும்ப குரூப்பில் நீ அனுப்புகிற குண்டுவெடிப்பு வீடியோக்களை நிறுத்து. பாதி எந்த ஊர், எந்த வருஷம் என்றே தெரியவில்லை. உன் தங்கையும் அதே குரூப்பில்தானே இருக்கிறாள்? அதற்குப் பதில் அம்மாவின் சர்க்கரை அளவு, மாடியில் பூத்த மல்லி, உன் மருமகள் சமையல் என்று தினமும் நாலு வரி அவளுக்கு எழுது. பதில் வராவிட்டாலும் எழுது. நெட் வந்ததும் மொத்தமாகப் படிப்பாள்.

அவளிடமிருந்து சேதி வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. அர்த்தராத்திரி என்று யோசிக்காதே.

அன்புடன்,
உன் வசந்தா