மகளும் வாரிசுதான்: பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பென்ரித் பக்கம் ஏ66 சாலையோரம் நிற்கும் ‘கவுன்டஸ் பில்லர்’ கல்தூணை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். போன மாதம் மகளை அங்கே கூட்டிப் போனேன். அதை நிறுத்திய 17ஆம் நூற்றாண்டுப் பிரபு குடும்பத்துப் பெண் ஆன் கிளிஃபோர்டின் கதையைக் கேட்டு முடித்துவிட்டு, “இப்பவும் பொண்ணுங்களுக்குப் பிரபுப் பட்டம் கிடையாதாம்மா?” என்றாள். அனேகமாக கிடையாது என்றுதான் சொல்ல முடிந்தது. பரம்பரையாக வரும் பிரபுப் பட்டம் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே சேரும்படி சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆனின் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1605இல் தந்தை கம்பர்லாந்து பிரபு இறந்தபோது உயிரோடிருந்த ஒரே பிள்ளை அவர், வயது 15. ஆண் பெண் பாராமல் வாரிசுக்குச் சேர வேண்டிய நிலங்களைத் தந்தை தன் தம்பிக்கு எழுதி வைத்துவிட்டார். கணவனை இழந்த தாய் மார்கரெட் மகளுக்காக வழக்காடினார்.

என்னை உலுக்குவது 1616ஆம் ஆண்டின் அந்த இரண்டு மாதங்கள். ஏப்ரல் 2 அன்று அந்தத் தூண் நிற்கும் இடத்தில் தாயும் மகளும் விடைபெற்றுப் பிரிந்தார்கள். நிலத்தைச் சித்தப்பாவுக்கே விட்டுக்கொடுக்கும் சமரசத்துக்கு ஆன் கையெழுத்துப் போடவில்லை என்பதால், மே மாதத் தொடக்கத்தில் கணவர் டார்செட் பிரபு, 2 வயது நிறையாத மகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். மறுத்தால் குழந்தைக்குத்தான் கேடு என்று நினைத்து ஆன் அனுப்பி வைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் தாய் இறந்த செய்தி வந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் பக்கத்தில் இல்லை. அப்படியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. மறு ஆண்டு மன்னர் ஜேம்ஸே நேரில் கேட்டபோதும் முடியாது என்றுதான் சொன்னார். தீர்ப்பு சித்தப்பா பக்கம் போனது. இழப்பீட்டுப் பணமும் கணவர் கைக்கே போனது.

சித்தப்பா மகன் ஆண் வாரிசில்லாமல் 1643இல் இறந்த பிறகுதான் நிலம் ஆனிடம் வந்தது. 38 வருடக் காத்திருப்பு! இரண்டு முறை விதவையான அந்தப் பெண்மணி அப்புறம் சும்மா உட்காரவில்லை. ஸ்கிப்டன், புரூம், ஆப்பிள்பி என்று இடிந்து கிடந்த கோட்டைகளைச் செப்பனிட்டார். ஆப்பிள்பியில் ஏழை விதவைகளுக்கு இல்லம் கட்டினார். தாயைப் பிரிந்த இடத்தில் 1656இல் தூண் நிறுத்தி, ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று ஏழைகளுக்கு 4 பவுண்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண்ணிடம் போனால் சொத்து நிலைக்காது என்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

2013இல் அரியணைக்கு மட்டும் சட்டத்தைத் திருத்தினீர்கள். அதனால்தான் இளவரசி சார்லட் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார். அரச குடும்பத்து மகளுக்கு நியாயமானது, பிரபு வீட்டு மகளுக்கு ஏன் ஆகவில்லை? பிரபுப் பட்டங்களுக்கும் அதே நியாயம் கேட்டு அதே ஆண்டு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை.

நாலு பணக்கார வீட்டுப் பிரச்சினை என்று என்னிடமே சிலர் சொன்னார்கள். பட்டங்களையே ஒழியுங்கள் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் அவை இருக்கிறவரை, தம்பி பிறந்தால் அக்கா பின்னால் போ என்று சொல்வது நாட்டின் சட்டம். அந்தச் சொல் எல்லா வீட்டுக்கும் கேட்கும். தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தபோது, முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். என் அம்மா அப்படி விடுபட்டவர். 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியபோது எங்கள் தாத்தா வீட்டில் பாகம் பிரித்து முடித்திருந்தார்கள். சட்டம் தாமதமானால் யாருக்கு நட்டம் என்று எனக்குத் தெரியும்.

மன்னியுங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. உறுப்பினர் ஒருவர் தாமாகக் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக விட்டுவிடாமல் அரசே இதைக் கொண்டுவர வேண்டும். மூத்த பிள்ளை மகளானால் பட்டம் மகளுக்கே சேர வேண்டும். இந்தக் கூட்டத்தொடரிலேயே நேரம் ஒதுக்குங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட இங்கிலாந்தில் வாழும் ஒரு தமிழ்த் தாய், உங்கள் வாக்காளர்