பாண்டவர் குழி பார்க்கப் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஜாமெட்ரி பாக்ஸில் சிவப்பாக ஒரு மணி இருந்தது. மழை விட்டதும் மேட்டாங்காட்டில் பொறுக்கினானாம். அதற்கு இரண்டு ஜெல் பேனா என்று பேரம் நடக்கும்போது வகுப்பாசிரியர் பார்த்துவிட்டார். அது சூதுபவளம் என்னும் சிவப்பு மணிக்கல். இரண்டாயிரம் வருஷத்துப் பழசாகவும் இருக்கலாம். பையனை யாரும் திட்டவில்லை. பேரத்தில் ஏமாறப் போனவன் அவன்தான்.

அதனால்தான் வரும் சனிக்கிழமை 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளைக் கொடுமணலுக்குக் கூட்டிப்போகிறோம். நொய்யலின் வடகரையில் இருக்கும் இந்த ஊரைச் சங்க நூலான பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்கிறது. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு தொடங்கினார்கள். ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேல் சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். பச்சைக்கல்லுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, இதோ இருக்கிற படியூரே போதுமாக இருந்திருக்கிறது.

காட்டுக்குள் வட்டமாகக் கற்கள் கிடக்குமே, நம் பாட்டிமார் பாண்டவர் குழி என்பார்களே, அவைதான் அந்த ஈமக்குழிகள், அந்தக் காலத்துக் கல்லறைகள். மாண்டவர் குழிதான் வாய்க்கு வாய் மாறிப் பாண்டவர் குழி ஆனது என்றும் சொல்வதுண்டு. பலகைக் கற்களைப் பெட்டிபோல் நிறுத்தி, எலும்பும் பானையும் இரும்பு ஆயுதமும் வைத்து, மேலே மூடுகல் போட்டு, மண்ணும் கல்லும் குவித்து, சுற்றிலும் குண்டுக்கல் அடுக்கியிருக்கிறார்கள். பல பெட்டிகளில் ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை இருக்கும். அது எதற்கு என்று பிள்ளைகளையே யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை காலம் இவை நின்றதற்குக் காரணம் உங்கள் தாத்தாக்கள். ஏரைக் கல் ஓரத்தில் திருப்பிக்கொண்டு போனார்கள். உழவில் கிளம்பிய கல்லையும் அந்தக் குவியல்மேலேயே போட்டார்கள். பயம் பாதி, சோம்பல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜேசிபிக்கு இரண்டும் கிடையாது. எங்கள் காட்டுக் கல்வட்டம் ஒரே மத்தியானத்தில் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டது. அன்று நானும் வேடிக்கைதான் பார்த்தேன்.

உங்கள் காட்டில் வட்டம் இருந்தால், சமன் செய்யும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதையல் என்று யாராவது கடப்பாரையோடு வந்தால் விரட்டிவிடுங்கள். இந்தக் குழிகளில் அதிகம் இருப்பது எலும்பும் பானை ஓடும்தான். பூமிக்குள் கிடைக்கும் பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற 1878ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் இருக்கிறது.

சரி, சனிக்கிழமை விஷயம். காலை 8 மணிக்குப் பஸ். தண்ணீர், தொப்பி, மதியச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். காலுக்குச் செருப்பு கட்டாயம், முள் அதிகம். திரும்பும்போது எல்லார் பையையும் பார்ப்போம். ஓட்டுச் சில்லு ஒன்றுகூட வீட்டுக்கு வராது. கீழே உள்ள சம்மதச் சீட்டைக் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அந்தச் சிவப்பு மணி என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. பையனின் அப்பா ஒரு நடை வந்தால், எந்தக் காடு, எந்த மூலை என்று எழுதிச் சேர்த்துக் கலெக்டரிடம் ஒப்படைத்துவிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்