பாதியை அடித்துவிடு: கம்போடியாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் என் மாணவிக்கு

அன்புள்ள மகளுக்கு,

வகுப்பில் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இது எல்லாரும் படிக்கப்போகிற கடிதம் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

உன் மின்னஞ்சல் கிடைத்தது. 28 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள், 5 நாள் கம்போடியா. முதல் முறையாக நீ பொறுப்பேற்று அழைத்துப் போகிறாய் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பயண ஏற்பாட்டாளர் கொடுத்த பட்டியலையும் இணைத்து, "டீச்சர், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். 19 இடங்கள். விட்டுப்போனது ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாதியை அடித்துவிடு.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்று உனக்கே தெரியும். என்னுடைய முதல் பயணத்தில் நீயும் இருந்தாய். முதல் நாள் 7 கோயில்கள் பார்த்தோம். இரவு சாப்பிடும்போது எந்தக் கோயில் பிடித்தது என்று கேட்டேன். "மரம் முளைத்திருந்த கோயில்" என்றான் ஒருவன். "எந்த மரம்?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன். அவன் அங்கே போயிருந்தான், படமும் எடுத்திருந்தான், ஆனால் பார்க்கவில்லை.

அதைவிட மோசமானது தலைநகர் புனோம் பென்னில் நடந்தது. ஒரு காலத்தில் சித்திரவதைச் சிறையாக இருந்த துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்கு 45 நிமிடம்தான் ஒதுக்கியிருந்தேன். அடுத்து ஆற்றில் படகுச் சவாரிக்குப் பணம் கட்டியிருந்தது. வெளியே வந்த பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று, சிரித்துக்கொண்டு குழுப் படம் எடுத்தார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள்மேல் தப்பே இல்லை. அவர்கள் நிற்பது எந்த மண் என்று நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பேருந்தில் ஏறும்போது நீ மட்டும் என் கையைப் பிடித்து, "டீச்சர், அது உண்மையிலேயே பள்ளிக்கூடமா?" என்று கேட்டாய். "ஆமாம்மா, சீக்கிரம் ஏறு, நேரமாச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் இடங்களைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேள்.

முதலில் அங்கோர் வாட். உன் பட்டியலில் சூரிய உதயத்தோடு சேர்த்து 2 மணி நேரம் போட்டிருக்கிறார்கள். அரை நாள் கொடு. உதயத்தைப் பார்க்க எல்லாரும் வடக்குப் பக்கக் குளக்கரையில் நெருக்கியடித்து நிற்பார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால் போகட்டும். ஆனால் வெயில் ஏறும் முன் அவர்களைக் கிழக்குத் திருச்சுற்றின் தென்பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. பாற்கடல் கடையும் காட்சி அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே புடைப்புச் சிற்பம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கதை தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே, "ஓ, பாற்கடலா" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு வேலை கொடுப்பேன். அசுரர் எத்தனை பேர், தேவர் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்வேன். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு அசுரர் 92, தேவர் 88. இதை முதலில் சொல்லிவிடாதே. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு எண்ணோடு வரும். திரும்பப் போய் எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் கண் திறக்கும். அசுரர் முகமும் தேவர் முகமும் எப்படி வேறுபடுகின்றன, நடுவில் திருமாலுக்குக் கீழே ஆமை எங்கே இருக்கிறது, கடைகிற வேகத்தில் மத்துக்குப் பக்கத்து மீன்கள் துண்டு துண்டாகிக் கிடப்பது, மேலே அப்சரஸ்கள் எழுந்து பறப்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். ஒரு பெண் என்னிடம் வந்து, "மீனைப் பற்றிக் கதையில் யாருமே சொல்லவில்லையே டீச்சர்" என்றாள். அன்றைக்கு வேறு எதுவும் காட்டாமல் திரும்பியிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இன்னொன்று. "அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன்" என்று கைபேசியில் வந்த செய்தியோடு இரண்டு மூன்று பேர் வருவார்கள். கோபப்படாதே, ஆனால் விட்டும்விடாதே. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் என்ற, கம்போடியாவின் கெமர் இனத்து அரசன் திருமாலுக்குக் கட்டிய கோயில் அது. பிறகு பௌத்த வழிபாட்டிடமாகி இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஹென்றி மூவோ என்ற பிரெஞ்சுக்காரர் 1860இல் அதைக் "கண்டுபிடித்தார்" என்று வேறு சில பிள்ளைகள் சொல்வார்கள். அவர் போனபோது அங்கே துறவிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேச்சுமே ஒரு மக்கள் கட்டிக் காத்ததை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற பேச்சு. அந்த மக்களின் மண்ணில் நின்றுகொண்டு நம் பிள்ளைகள் அப்படிப் பேசக் கூடாது.

உண்மையான தொடர்பு வேண்டுமா, அதற்கும் குறைவில்லை. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. காம்போஜ (கம்போடிய) அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. பந்தே ஸ்ரே கோயிலில் நடனமாடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் உட்கார்ந்திருக்கும். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். உருவத்தை முதலில் பார்க்க விடு. யார் என்று அவர்களே கேட்ட பிறகு சொல்.

பந்தே ஸ்ரே மற்ற கோயில்களிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் உன் ஏற்பாட்டாளர் அதை "விருப்பத் தேர்வு" என்று கடைசியில் போட்டிருக்கிறார். அதை முன்னுக்குக் கொண்டு வா. 967இல் குடமுழுக்கு நடந்த கோயில். கட்டியவர் அரசன் அல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். சின்னக் கோயில்தான், ஆனால் செந்நிற மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதுபோல் நுணுக்கம். 1923இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர் இங்கிருந்த சிலைகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். அவர்தான் பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர். இதைக் கேட்டதும் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பிப்பார்கள். ஒரு மரத்தடி பார்த்து உட்காரவைத்துச் சண்டை போட விடு.

அடுத்து, உன் பட்டியலிலேயே இல்லாத ஒரு இடம். விட்டுப்போனது ஒன்றுமில்லை என்றேன், தவறு. பாபுவோன் விட்டுப்போயிருக்கிறது. பெரிய கல் முகங்கள் உள்ள பயோன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் அந்த முகங்களைப் பார்த்த மயக்கத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் அது. சரிந்துகொண்டிருந்த கோயிலைக் காப்பாற்ற 1960இல் பிரெஞ்சு வல்லுநர்கள் கல் கல்லாகப் பிரித்துச் சுற்றியிருந்த காட்டில் பரப்பினார்கள். ஏறத்தாழ 3 லட்சம் கற்கள். எது எங்கே போகவேண்டும் என்று குறித்து வைத்திருந்தார்கள். போர் வந்தது, வேலை நின்றது. புனோம் பென்னில் இருந்த அந்த ஆவணங்கள் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சிக் குழப்பத்தில் அழிந்துபோயின. 1995இல் மறுபடி ஆரம்பித்தவர்களுக்குக் கையில் இருந்தவை காட்டில் கிடந்த கற்களும் பழைய படங்களும் மட்டும். ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் மட்டுமே பொருந்தும், சாந்து வைக்காத கட்டடம். அளந்து, வரைந்து, அந்தப் படங்களோடு ஒப்பிட்டு 2011இல் முடித்தார்கள்.

அங்கே படிக்கட்டில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல். அடுத்த நாள் புனோம் பென்னில் பார்க்கப்போவதற்குப் பிள்ளைகள் அங்கேதான் தயாராவார்கள். கோயில்களின் கம்போடியா வேறு, கொலைக்களங்களின் கம்போடியா வேறு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒரே நாடு என்பது அந்தக் கற்களில் புரியும்.

இப்போது துவோல் ஸ்லெங். நீ அன்று கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். ஆமாம், அது உண்மையிலேயே பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் புனோம் பென்னைப் பிடித்து, நகரத்தையே காலி செய்ய வைத்தது. மாணவர் இல்லாமல் போன அந்த உயர்நிலைப் பள்ளியை எஸ்-21 என்ற சிறையாக்கினார்கள். வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஆள் படுக்க மட்டும் இடமுள்ள அறைகளைக் கட்டினார்கள். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த மரச் சட்டம் சித்திரவதைக்குப் பயன்பட்டது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படைகள் நகருக்குள் வரும்வரை பல்லாயிரம் பேர் உள்ளே போனார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வான் நாத் என்ற ஓவியர் பிழைத்தது, கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் படத்தை அவரால் வரைய முடிந்ததால். அங்கே நடந்ததை அவர் பின்னர் வரைந்த ஓவியங்கள் அந்தச் சுவர்களிலேயே தொங்குகின்றன. சிறைக்குத் தலைவராக இருந்த தூச் முன்பு கணக்கு வாத்தியார். இந்த ஒரு செய்தியை நான் பிள்ளைகளிடம் சொல்வதற்கு மூன்று பயணங்கள் ஆயின. ஆசிரியராக இருந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லிவிடு, அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முந்தின இரவே எல்லாரையும் உட்காரவைத்து என்ன பார்க்கப்போகிறோம் என்று பேசு. உள்ளே வரமாட்டேன் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காதே, ஓர் ஆசிரியர் அவர்களோடு வெளியே இருக்கட்டும். சிரிக்கும் முகத்தின்மேல் கோடு போட்ட பலகை ஒன்று அங்கே இருக்கும். அதைக் காட்டி மிரட்டாதே. பதின்வயதில் பயத்தில்கூடச் சிரிப்பு வரும், அதையும் முந்தின இரவே சொல்லிவை. ஒலி வழிகாட்டிக் கருவியை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடு, கூட்டமாகப் போகாமல் அவரவர் வேகத்தில் போவார்கள். கைதிகளின் படங்கள் இருக்கும் அறையில் யாரையும் அவசரப்படுத்தாதே. அதில் உன் மாணவர் வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சோயுங் எக் கொலைக்களத்தையும் அதே நாளில் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துவிடு. ஒரு நாளில் ஒரு பிள்ளை அவ்வளவு தாங்காது.

அனாதை இல்லத்துக்குப் போய் "ஒரு மணி நேரம் குழந்தைகளோடு" என்று ஒரு வரி இருக்கிறது பார், அதையும் அடி. நல்லெண்ணத்தில்தான் பலர் போகிறார்கள். ஆனால் அந்த நாட்டு இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்வையாளர் பணம் வருவதாலேயே இல்லங்கள் பெருகின. கோயில் வாசலில் அஞ்சல் அட்டை விற்கும் சிறுவர்களிடம் வாங்குவதும் அப்படித்தான். அவர்கள் பள்ளியில் இருக்கவேண்டிய நேரம் அது. மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. பெரியவர்கள் வைத்திருக்கும் கடையில் வாங்கச் சொல்.

மற்றபடி சின்ன விஷயங்கள். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டையே எடு, அடுத்தடுத்த நாளாகப் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. சீட்டில் ஒவ்வொருவர் படமும் இருக்கும், தொலைத்தால் தொல்லை. தோளும் முழங்காலும் மூடாமல் அங்கோர் வாட்டின் மேல் தளத்துக்கு விடமாட்டார்கள். பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளமே மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொள். டாலர் நோட்டு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் கடைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். தலைகளை எண்ணுவதை வாசலில் ஒரு முறையும் பேருந்தில் ஒரு முறையும் நீயே செய், வழிகாட்டியிடம் விடாதே. பாதையை விட்டுக் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. அந்த நாட்டில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம் பெற்றோர். "இவ்வளவு செலவு பண்ணி இத்தனை இடம்தானா?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். பாற்கடல் மீன் கதையைச் சொல். போதாது என்றால் என்னைக் கூப்பிடு, நானே வந்து பேசுகிறேன்.

திருத்திய பட்டியலை அனுப்பிவை. துவோல் ஸ்லெங்குக்குப் பிறகு அந்த நாள் முழுக்க வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று டீச்சர்